சர்க்கரை இல்லாதவருக்கும் சர்க்கரை மாத்திரையா?

நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து எழுந்தால் கணுக்கால் வீங்கியிருக்கிறது. கிடங்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம். வயதாகிவிட்டது என்று நாமும் தள்ளிப் போடுகிறோம். ஒரு நாள் டாக்டரிடம் போனால் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "பம்பிங் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஹார்ட் ஃபெயிலியர்" என்கிறார். கூடவே ஒரு சர்க்கரை மாத்திரையும் எழுதுகிறார். நமக்கோ சர்க்கரையே இல்லை! சீட்டு மாறிவிட்டதோ என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

இதயம் ரத்தத்தை வெளியே தள்ளினால் மட்டும் போதாது. அதற்கு முன் தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்ளே வாங்கவும் வேண்டும். பல வருட ரத்தக் கொதிப்பு, உடல் பருமன், சர்க்கரை இவற்றால் இதயச் சுவர் விறைத்துப்போனால், இடமில்லாத கிடங்கின் வாசலில் லாரிகள் நிற்பதுபோல ரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இந்த வகைதான். நீர் பிரியும் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடிய வைப்பதற்கு மேல் இதற்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்து நெடுங்காலம் இல்லை.

நமது சிறுநீரகம் நாளொன்றுக்குச் சுமார் 180 கிராம் சர்க்கரையை வடிகட்டி, மறுபடி ரத்தத்துக்கே திருப்பிவிடுகிறது. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் இதைத் தடுப்பதால் சர்க்கரையில் ஒரு பகுதி சிறுநீரில் போய்விடுகிறது. உப்பும் நீரும் கொஞ்சம் சேர்ந்து வெளியேறுகின்றன. இந்த இன மருந்துகளுக்கு மூலம், 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருள். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இதயக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேருவது குறைந்தது 2015இல் தெரியவந்தது. பிறகு, விறைத்த இதயம் உள்ள 5,988 பேரிடம் சோதித்து 2021இல் முடிவு வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப்பேருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. இதய நோயால் இறந்தவர்களும், செயலிழப்பு முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களும் சேர்ந்து, வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு 17. எம்பாக்ளிஃப்ளோசின் பெற்றவர்களில் 14. ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைத்தான் இது முக்கியமாகக் குறைக்கிறது; ஆயுளைக் கூட்டும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பத்து நாள் கடை மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியுமே!

விலையையும் சொல்லவேண்டும். எம்பாக்ளிஃப்ளோசின் ஒன்று 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் இந்தியாவில் அதன் காப்புரிமை முடிந்து பல கம்பெனிகள் இறங்கியதும், 10 ரூபாய்க்குக் கீழேயும் வந்துவிட்டது. பழைய விலையே கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் அதே மருந்தை மலிவான பெயரில் எழுதித்தரும்படி டாக்டரிடம் தயங்காமல் கேட்கலாம்.

சர்க்கரை இல்லாதவருக்கு இதனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வருவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம். பிறப்புறுப்பில் அரிப்பு வரலாம், சுத்தம் அவசியம். வாந்தி பேதி கண்டாலோ, நீண்ட விரதம் இருந்தாலோ, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாலோ, மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர்ச் சோதனையில் சர்க்கரை ஏராளமாகக் காட்டும். பதறவேண்டாம், அது மாத்திரையின் வேலை. லேபில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.