வேண்டாத மின்னஞ்சல் குறைய, வேண்டியது தவறாமல் வந்து சேர

கல்வி உதவி விண்ணப்பம் நிரப்ப நமது அலுவலகத்துக்கு வந்த ஒரு மாணவியின் கைப்பேசியைச் சென்ற ஆண்டு பார்க்க நேர்ந்தது. இன்பாக்ஸ் முழுவதும் கடன் தருகிறோம், பரிசு விழுந்திருக்கிறது என்ற விளம்பரங்கள். அவர் காத்திருந்த கல்லூரியின் அழைப்போ ஸ்பேம் பகுதியில் கிடந்தது. சேர்க்கைக்கான கடைசித் தேதி முடிந்து நான்கு நாட்களாகியிருந்தன. அந்த இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பிள்ளைக்கு இது நேரக் கூடாது என்பதால் இதை எழுதுகிறோம். நம்மில் பலரும் பயன்படுத்தும் ஜிமெயிலை வைத்தே சொல்கிறோம்.

முதலில் படங்கள். விளம்பரக் கடிதத்தில் தெரியும் படம் பெரும்பாலும் அந்தக் கடிதத்துக்குள் இருப்பதில்லை. நாம் திறக்கும்போதுதான் அனுப்பியவர் வைத்திருக்கும் இடத்திலிருந்து இறங்குகிறது. அதைக்கொண்டே, இந்த முகவரியில் கடிதத்தைப் படிக்க ஆள் இருக்கிறார் என்பதை அவர் அறிந்துகொள்ள முடியும். பிறகு இன்னும் அதிகமாக அனுப்புவார். இதைத் தடுக்க, கைப்பேசியில் ஜிமெயிலைத் திறந்து இடது மேல் மூலையில் உள்ள மூன்று கோடுகளைத் தொட்டு, 'செட்டிங்ஸ்' சென்று, உங்கள் முகவரியைத் தேர்ந்தெடுங்கள். அங்கே 'இமேஜஸ்' என்பதில், 'ஆஸ்க் பிஃபோர்' என்று தொடங்கும் வரியைத் தேர்வு செய்யுங்கள். இனி நீங்கள் அனுமதித்தால்தான் படம் தெரியும்.

இரண்டாவது, வேண்டாத கடிதத்தை அழித்தால் மட்டும் போதாது. வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ரிப்போர்ட் ஸ்பேம்' கொடுங்கள். அதே ஆள் மீண்டும் அனுப்பினால் அது ஸ்பேமுக்குப் போக வாய்ப்பு அதிகம். நீங்களே பதிவு செய்த கடை, வங்கி போன்றவற்றின் விளம்பரம் என்றால் 'அன்சப்ஸ்கிரைப்' கொடுத்து நிறுத்தலாம். யாரென்றே தெரியாதவர் அனுப்பியதில் உள்ள எந்த இணைப்பையும் தொடாதீர்கள்.

மூன்றாவதுதான் அந்த மாணவி தவறவிட்டது. ஸ்பேம் பகுதியில் விழும் கடிதம் 30 நாட்களில் தானாக அழிந்துவிடும். கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலை என எதற்காவது விண்ணப்பித்திருந்தால் தினமும் ஒருமுறை அங்கே பாருங்கள். நல்ல கடிதம் இருந்தால் 'நாட் ஸ்பேம்' கொடுங்கள். முக்கியமான முகவரிகளுக்கு, கணினியில் ஜிமெயிலைத் திறந்து 'ஃபில்டர்' ஒன்றை உருவாக்கி, 'நெவர் சென்ட் இட் டு ஸ்பேம்' என்பதைக் குறித்து வைத்தால் அவை இன்பாக்ஸுக்கே வரும். கைப்பேசிச் செயலியில் இந்த வசதி இல்லை.

ஒரு எச்சரிக்கை. அனுப்பியவர் பெயராக எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். பெயரை மட்டும் நம்பாமல் முழு முகவரியையும் பாருங்கள். அரசுத் துறையின் பெயரில் வந்த கடிதத்தின் முகவரி ஜிமெயிலில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

விளம்பரங்களுக்கும் கடைப் பதிவுகளுக்கும் தனியாக ஒரு முகவரி வைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகளின் படிப்புக்கான முகவரியைக் கண்ட இடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

இவற்றைச் செய்யக் கால் மணி நேரம் போதும். வீட்டிலுள்ள இளைஞர்கள் பெற்றோரின் கைப்பேசியிலும் செய்து கொடுங்கள். முடியாதவர்கள் ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் நமது அலுவலகத்துக்குக் கைப்பேசியுடன் வாருங்கள். இன்ஷா அல்லாஹ், உடனிருந்து செய்து தருகிறோம்.