மருத்துவமனையில் இயற்பியலார்

இயற்பியலில் முதுநிலைப் பட்டம் பெற்றோருக்கு ஆசிரியப் பணியை விட்டால் வேறு வழியில்லை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணத்தை மாற்றவல்ல துறைகளுள் மருத்துவ இயற்பியலும் ஒன்றாகும்.

புற்றுநோயாளிக்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தேவையெனத் தீர்மானித்து, எத்தனை கிரே எனக் குறித்துத் தருபவர் மருத்துவர். அவ்வளவு கதிர் கட்டியைச் சென்றடையக் கருவி எக்கோணத்தில், எவ்வளவு நேரம் இயங்கவேண்டும் எனக் கணித்துரைப்பவர் மருத்துவ இயற்பியலார். கோபால்ட்-60 கருவியையே எடுத்துக்கொள்வோம். அதன் அரையாயுள் 5.27 ஆண்டுகள். சென்ற ஆண்டு 2 நிமிடத்தில் முடிந்த சிகிச்சைக்கு, அதே கருவியில் இவ்வாண்டு ஏறத்தாழ 2 நிமிடம் 17 வினாடி வேண்டும். இளநிலை வகுப்பில் நாம் தேர்வுக்காக மனனம் செய்த சிதைவு விதிதான் இது. அங்குத் தவறினால் மதிப்பெண் மட்டுமே போகும்.

இங்கு என்ன நேரும் என்பதற்குப் பனாமா நாட்டில் 2000-2001இல் நிகழ்ந்தது சான்று. நோயாளியின் நலமான உறுப்புகளை மறைக்கும் காப்புக் கட்டைகளின் விவரத்தைக் கணினியில் பதியும் முறையை அங்கு மாற்றினர். கணினி மறுப்பேதும் கூறாமல் சிகிச்சை நேரத்தை ஏறக்குறைய இருமடங்காக்கித் தந்தது. 28 நோயாளிகள் மிகைக்கதிருக்கு ஆளாயினர், சிலர் உயிரிழந்தனர். விடையை ஒருமுறை கையால் கணக்கிட்டுச் சரிபார்த்திருந்தால் பிழை வெளிப்பட்டிருக்கும். கணினி வந்தபின் இயற்பியலார் எதற்கு என வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடையை நாம் அறியோம்.

இப்படிப்பிற்கு நம் நாட்டில் இரு வழிகள் உள. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தபின் ஓராண்டுப் பட்டயம் பயில்வது ஒன்று. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1962இல் இதனைத் தொடங்கியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளதுபோன்ற எம்.எஸ்சி. மருத்துவ இயற்பியலில் நேரடியாகச் சேர்வது மற்றொன்று. எவ்வழியாயினும், கதிர்சிகிச்சைத் துறையில் குறைந்தது 12 மாத அகப்பயிற்சி பெற்றாலன்றி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் ஒருவரை மருத்துவ இயற்பியலாராக ஏற்பதில்லை. ஆதலின் பட்டத்தின் பெயரை மட்டும் நம்பிச் சேர்ந்துவிடலாகாது. அப்படிப்பை வாரியம் ஏற்கிறதா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனை இடமளிக்கும் என்பவற்றை முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

கதிரியக்கத்தின் அருகே பிள்ளைகளை, அதிலும் பெண்மக்களை, அனுப்புவதா எனப் பெரியோர் தயங்குவது இயல்பே. பணியாளர் ஒவ்வொருவரும் மார்பில் அளவீட்டு வில்லை அணிந்தே பணிபுரிகின்றனர். ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டைத் தாண்டலாகாது என்பது விதி. கருவுற்ற பெண்களுக்கு வரம்பு இதனினும் மிகக் குறைவு.