நகரும் மலை

பெருங்கடலில் மிதந்து வரும் பனிப்பாறையை அரபு மொழி 'ஜபல் ஜலீதி' என்று வழங்குகின்றது. 'பனிமலை' என்பது இதன் பொருள். மலை என்றதும் அசையாமையே நம் நினைவுக்கு வரும். இம்மலையோ நகர்வது, நகர்ந்து நகர்ந்தே கரைந்து போவது. ஏ23ஏ எனும் பனிமலையின் வரலாற்றைக் கொண்டு இதனை நாம் விளங்கிக் கொள்ளலாம்.

அண்டார்க்டிக்காவின் வெடல் கடலோரத்தில் ஃபில்க்னர் பனித்தட்டு உள்ளது. நிலத்தில் பெய்த பனி நெடுங்காலம் இறுகி, பனியாறாய் ஊர்ந்து, கடலின்மேல் நீண்டு மிதக்கும் பரப்பே பனித்தட்டாகும். 1986இல் அதனின்று பிரிந்த ஏ23ஏ, கடல் தரையில் தட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றுவிட்டது. 2020இல் மீண்டும் அசையத் தொடங்கியது. 2023இல் அதன் பரப்பு ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர். எடை ஏறக்குறைய இலட்சம் கோடி டன்.

இத்துணைப் பெருஞ்சுமையைக் காற்றே தள்ளுகிறது என எண்ணத் தோன்றும். எனினும் பனிமலையின் பெரும்பகுதி நீருக்கடியிலேயே இருப்பதால், பெரிய பனிமலைகளின் வழியை வகுப்பதில் நீரோட்டமே முதன்மை பெறுகின்றது. 2024இல் தெற்கு ஓர்க்னித் தீவுகளின் அருகே, கடலடி மேடு ஒன்றன் மேல் உருவான நீர்ச்சுழலில் ஏ23ஏ சிக்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 பாகை வீதம் மாதக்கணக்கில் ஓரிடத்திலேயே சுழன்று, அவ்வாண்டு டிசம்பரில்தான் விடுபட்டது.

வடக்கே செல்லச் செல்ல நீர் வெப்பமடைகிறது. அந்நீர் பனிமலையின் அடியைக் கரைக்கிறது. அலைகள் நீர்மட்டத்தில் விளிம்பை அரிக்க, மேற்பகுதி இடிந்து விழுகிறது. மேற்பரப்பில் உருகித் தேங்கும் நீரோ வெடிப்புகளில் இறங்கி அவற்றைப் பிளக்கிறது. 2025 மார்ச்சில் தெற்கு ஜார்ஜியாத் தீவின் அருகே தரைதட்டிய ஏ23ஏ, பென்குயின்களும் சீல்களும் இரைதேடும் வழியை மறித்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. எனினும் சில மாதங்களில் அது மீண்டும் நகர்ந்து, அவ்வாண்டிலேயே பெரும் துண்டுகளாய்ச் சிதறியது.

பனிமலை உருகினால் கடல்மட்டம் உயருமா? ஏற்கெனவே மிதந்து, தன் எடைக்கு நிகரான நீரை அது விலக்கிவிட்டதால், உருகும்போது மட்டம் உயர்வது மிகச் சொற்பமே. கவலைக்குரியது வேறு. பனித்தட்டு பின்னாலுள்ள பனியாறுகளுக்கு அணைபோல் நிற்பது. புதிய பனி ஈடுசெய்வதைவிட மிகுதியாக அது உடைந்தால், அணை தளரும். நிலத்துப் பனி விரைந்து கடல் சேரும். கடல்மட்டத்தை உயர்த்துவது அதுவே. எனவே, மிதந்து செல்லும் மலையைக் காட்டிலும், அது விட்டுவந்த இடமே நம் கவனத்திற்குரியது.