பதில் வராத முப்பது விநாடி

பென் டிரைவில் பெரிய வீடியோவைக் காப்பி செய்யும்போது பச்சைக் கோடு தொண்ணூறு சதவீதத்தில் நின்றுவிடும். கேன்சலை அழுத்தினாலும் அசையாது. ஹேங் ஆகிவிட்டதென்று பலர் பிடுங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில், சாதனத்தோடு பேசும் டிரைவர் என்ற மென்பொருள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. லினக்ஸில் ஒரு படிக்கும் அல்லது எழுதும் கட்டளைக்கு அது வழக்கமாக 30 விநாடி பொறுக்கும். சாதனத்தின் கேஷில் (தற்காலிகத் தேக்கத்தில்) உள்ளதையெல்லாம் எழுதி முடிக்கச் சொல்லும் கட்டளைக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. இந்தப் பொறுமை வீண் என்று எரிச்சல்படுபவர்கள் பலர். பொறுமை சரியானது, அதை நம் கண்ணுக்குக் காட்டாததுதான் குறை என்பது என் வாதம்.

பிடுங்கிய சாதனத்துக்காக யாரும் காத்திருப்பதில்லை. இணைப்பு அறுந்ததை யுஎஸ்பி ஹப் உடனே சொல்லிவிடும். சிக்கல், செருகியபடியே பேசாமல் இருக்கும் சாதனத்தில்தான். பென் டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய இடத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. பெரிய பிளாக் ஒன்றை முழுதாக அழிக்க வேண்டும். அதற்கு முன், அதில் இன்னும் தேவைப்படும் தகவலை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும். மலிவான பென் டிரைவில் இந்த வேலை சேர்ந்துகொண்டால், சில கிலோபைட் எழுதவும் நெடுநேரம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இந்த மௌனமும் செத்துப்போன சாதனத்தின் மௌனமும் ஒன்றுதான்.

சாதனத்தையே கேட்டுவிட்டால் என்ன என்று தோன்றும். பழைய, இன்றும் பரவலான யுஎஸ்பி முறையில் 31 பைட்டில் கட்டளை போகும், தகவல் போகும் அல்லது வரும், 13 பைட்டில் முடிவு திரும்பும். ஒரு கட்டளை முடியாமல் அடுத்ததை அனுப்ப முடியாது. ஆகவே நடுவில் "வேலை நடக்கிறதா?" என்று கேட்க வழியில்லை. முடிவு தயாராகாதவரை சாதனம் 'இன்னும் இல்லை' என்ற சிறு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கும். ஆனால் அதை அனுப்புவது சிப்பின் மின்சுற்று. உள்ளே இருக்கும் ஃபர்ம்வேர் உறைந்து போனாலும் அது வந்துகொண்டேயிருக்கும். உயிர் இருப்பதற்கு அது சாட்சியாகாது.

சரி, ஐந்து விநாடியில் விட்டுவிட்டு மறுபடி முயன்றால் போதாதா? இதற்கு எஸ்டி கார்டு பதில் சொல்கிறது. அதிக கொள்ளளவுள்ள எஸ்டிஹெச்சி வகைக் கார்டுகள் 250 மில்லி விநாடிக்குள் எழுதி முடிக்க வேண்டும் என்பது விதி. லினக்ஸ் டிரைவரோ 3 விநாடி கொடுக்கிறது. 300 மில்லி விநாடிகூடச் சில கார்டுகளுக்குப் போதவில்லை என்று அதன் மூல நிரலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வன்தட்டிலும் இதே கதை. சில டெஸ்க்டாப் வட்டுகள் கெட்டுப்போன ஒரு செக்டாரைப் படிக்க 30 விநாடிக்கு மேலும் போராடும். அதற்குள் டிரைவர் கைவிட்டால், பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்த ரெய்டு தொகுப்பிலிருந்து பிழைக்கக்கூடிய வட்டு வெளியேற்றப்படலாம். அதனால் நிர்வாகிகள் பலர் டிரைவர் பொறுக்கும் நேரத்தை 180 விநாடியாக உயர்த்தி வைக்கிறார்கள். நேரம் கடந்ததும் டிரைவர் அந்தக் கட்டளையை ரத்து செய்யும், சாதனத்தை ரீசெட் செய்யும், மீண்டும் முயலும். எதுவும் பலிக்காவிட்டால் அதை ஆஃப்லைன் என்று ஒதுக்கிவிடும். உழைத்துக்கொண்டிருந்த சாதனத்தை இப்படி அவசரப்பட்டு ஒதுக்கினால், பாதி எழுதிய கோப்புதான் மிஞ்சும்.

கேன்சல் ஏன் வேலை செய்வதில்லை என்ற கேள்வி நியாயமானது. தகவல் பரிமாறும் நினைவகப் பகுதியை யுஎஸ்பி கன்ட்ரோலர் இன்னும் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். அதை வேறு வேலைக்குக் கொடுத்துவிட்டால் அங்கே தாறுமாறாகத் தகவல் விழும். அதனால்தான் புரோகிராமை நிறுத்தும் கில் கட்டளைக்கும் காப்பி செய்யும் புரோகிராம் அசைவதில்லை.

ஆனால் பயனாளரின் கோபத்தில் நான் முழுதாக ஏற்கும் பகுதி ஒன்று உண்டு. லினக்ஸின் வழக்கமான அமைப்பில், கணினியில் பயன்படுத்தக்கூடிய நினைவகத்தில் 20 சதவீதம் வரை இன்னும் எழுதப்படாத தகவல் குவியலாம். அந்த நினைவகம் 8 ஜிபி என்றால் 1.6 ஜிபி. விநாடிக்கு 5 எம்பி எழுதும் பென் டிரைவுக்கு அதை இறக்க ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். இதனால் கணினியே திணறுவதைப் பற்றி 2013-இல் லினக்ஸ் உருவாக்குநர்கள் விவாதித்தார்கள். விண்டோஸ் 10, 2018-இன் 1809 பதிப்பிலிருந்து, வெளிச் சாதனங்களுக்கு எழுதுவதைத் தேக்கி வைக்காமலிருப்பதையே வழக்கமாக்கியது. நல்ல முடிவுதான், வேகம் குறையலாம் என்றாலும். லினக்ஸில் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு மறைவாக இல்லை. /புராக்/மெம்இன்ஃபோ கோப்பின் 'டர்ட்டி', 'ரைட்பேக்' வரிகளில் கிலோபைட் கணக்கில் அது இருக்கிறது. காப்பி செய்யும் ஜன்னலிலேயே, பச்சைக் கோட்டுக்குக் கீழே, அந்த எண்ணும் கடைசிப் பதில் வந்து எத்தனை விநாடி ஆயிற்று என்பதும் தெரிய வேண்டும்.