ஏற்காட்டில் கோடை விழா

மலை ஊரில் விழா என்றால் மேலைநாடுகளில் இசைக்கச்சேரியும் கையில் ஒரு கோப்பை பீரும்தான் முதலில் நினைவுக்கு வரும். நம்ம ஏற்காட்டில் கோப்பைக்குள் இருப்பது காப்பி!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியை நட்டுவைத்தார். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடைமழை பெய்தால் போதும். எட்டுப் பத்து நாளில் காப்பிச் செடிகள் வெள்ளைவெளேரென்று பூத்துவிடும். மல்லிகைபோல ஒரு வாசம், சாலைவரை வந்து பேருந்தின் ஜன்னலுக்குள் நுழையும்.

பிறகு மே மாதம், கோடை விழா. அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப்போட்டி, மேடையில் பாட்டும் ஆட்டமும். நாய்க் கண்காட்சியும் உண்டு. குழந்தைகளைக் கூட்டிப்போனால், மலர் பக்கம் திரும்ப விடமாட்டார்கள்!

ஆனால் மலைவாழ் மக்களுக்குத் திருவிழா என்றால் அது சேர்வராயன் கோயிலில்தான். அதுவும் மே மாதமே. 1,623 மீட்டர் உயரத்தில், விரிந்த மொட்டைத்திடல். ஓரத்தில் ஒரு குகை. தலை இடிக்காமல் குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்தக் குகை காவிரி ஆறுவரை நீள்கிறது என்பது ஊர்க்கதை. மலைக்கே சேர்வராயன் மலை என்றுதானே பெயர்!

விழா நாளில் மலைப்பாதையில் வண்டிகள் நகராது. சொந்த வண்டிக்காரர்களே, குப்பனூர் வழியாகவும் ஒரு சாலை இருக்கிறது. கையோடு ஒரு ஸ்வெட்டரும் இருக்கட்டும். சேலத்து வெயிலை நம்பி வெறுங்கையோடு ஏறிவிடாதீர்கள்.