மதிப்பீடும் வருங்கால நோக்கும்

மதிப்பீடு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் மாணவராகிய நமக்கு நினைவில் எழுவது தேர்வுத்தாளே. ஆண்டு முழுதும் கற்றதனை ஒரு நாளில் அளந்து, எண்ணொன்று இட்டு முடிப்பதே மதிப்பீடென நாம் எண்ணிப் பழகிவிட்டோம். மக்கள் நலங்கருதி எடுக்கப்பெறும் பெருஞ்செயல்களை மதிப்பிடுவோரும் பெரும்பாலும் இம்முறையையே கைக்கொள்கின்றனர். குறித்த பணி முடிந்ததா, இட்ட பொருளுக்குத் தக்க பயன் விளைந்ததா என்பனவே அவர் வினவுவன. இவை வேண்டும் வினாக்களே. ஆயினும் இவை மட்டும் போதா என்பதனை ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

வங்காள தேசத்தில் குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகிய குழந்தைகள் பலர் வயிற்றுப்போக்கு நோயால் மடிந்தனர். அதனைத் தடுக்கும் நன்னோக்குடன் 1970ஐ அடுத்த ஆண்டுகளில் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் அரசினரோடு கூடி ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்குவித்தது. கிணறுகளின் தொகை பெருகிற்று. மக்களும் அந்நீரை விரும்பிப் பருகினர். அன்றைய அளவுகோலால் அளந்தார்க்கு அஃது ஒரு பெருவெற்றியே. ஆனால், நிலத்தடி நீரில் இயற்கையாகவே கலந்திருந்த ஆர்சனிக் என்னும் நஞ்சினைத் தேடுதற்கு அக்காலத்து நீர்ச்சோதனை வழக்கில் இடமில்லை. அந்நஞ்சு உடனே கொல்லாது; பல்லாண்டு பருகிய பின்னரே தோலில் வடுக்களாகவும், புற்றுநோயாகவும் வெளிப்படும். ஆகலின், பணி முடிந்த மறுநாள் நீட்டும் அளவுகோலுக்கு அஃது அகப்படவில்லை. 1993ஆம் ஆண்டில் நஞ்சு உறுதியாயிற்று. 3½ கோடி முதல் 7 கோடியே 70 லட்சம் வரையான மக்கள் இடருக்குட்பட்டனரென 2000ஆம் ஆண்டில் கணக்கிடப்பட்டது.

இனி, வருங்கால நோக்கு யாதெனின், அது சோதிடம் அன்று. இதுவே நிகழுமென ஒன்றனை அறுதியிட்டுரைப்பது சோதிடம். இன்னின்னவாறு நிகழக்கூடுமெனப் பலவற்றை எண்ணி, அவை ஒவ்வொன்றிலும் நம் செயல் நிலைபெறுமா என ஆராய்வதே வருங்கால நோக்கு. ஒரு செயலால் அழிவதனையும், ஆவதனையும், ஆகியபின் தொடர்ந்து வரும் ஊதியத்தையும் சேரச் சிந்திக்குமாறு வள்ளுவர் தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தே அறிவுறுத்தியதும் இதனோடு ஒத்த கருத்தேயாம்.

இந்நோக்கு மதிப்பீட்டினை எவ்வாறு மாற்றும் என்பதற்குத் தேம்ஸ் ஆறு தக்க சான்று. 1953ஆம் ஆண்டு வடகடல் பொங்கியபோது இங்கிலாந்தில் 300க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பயனாக எழுந்த தேம்ஸ் வெள்ளத்தடுப்பு 1982 முதல் லண்டன் மாநகரைக் காத்து வருகின்றது. ஆயினும், அதனைச் செவ்விதென மதிப்பிட்டு அந்நாட்டார் ஓய்ந்திலர். கடல்மட்டம் மெல்ல உயரினும் விரைந்து உயரினும் இயற்றத்தக்கன யாவையெனப் பல வழிகளை வகுத்து, 2012ஆம் ஆண்டில் இந்நூற்றாண்டின் இறுதிவரை செல்லும் திட்டமொன்றை வெளியிட்டனர். கடல்மட்டம், கரைகளின் நிலை முதலிய குறிகளை இடையறாது அளந்து, அவை காட்டும் மாற்றத்திற்கேற்ப வழியையும் மாற்றுவதே அத்திட்டத்தின் உயிர்நிலை. அவ்வாறே 2023ஆம் ஆண்டில் திட்டத்தைத் திருத்தியபோது, தடுப்புக்கு மேற்புறத்துள்ள கரைகளை உயர்த்தும் காலத்தை 2065லிருந்து 2050க்கு முன்கொணர்ந்தனர். ஈண்டு மதிப்பீடு இறுதித் தீர்ப்பாக நில்லாது, கலஞ்செலுத்துவோன் கைத்திசைகாட்டி போல வழிநெடுகத் துணைசெய்கின்றது.

எவ்வளவு எண்ணினும் எதிர்பாராதது வந்தே தீருமன்றோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. கிணறு இறக்கியோர் ஆர்சனிக்கை முன்னரே கருதியிருப்பர் என யாமும் துணிந்து கூறோம். ஆயினும், இந்நீரைப் பத்தாண்டு பருகுவோர்க்கு யாது நேரக்கூடுமென வினவி, மீண்டும் மீண்டும் சென்று நோக்கும் வழக்கம் இருந்திருப்பின், நஞ்சு இன்னும் முன்னரே புலப்பட்டிருத்தல் கூடும். அங்ஙனம் முந்திய ஒவ்வோர் ஆண்டும் எத்துணையோ குடும்பங்களின் துயரைக் குறைத்திருக்கும்.

முடிந்ததை அளப்பது மதிப்பீட்டின் பாதி. வரக்கூடியதைக் கருதி விழித்திருப்பது மற்றைப் பாதி. நாளை அலுவலகங்களிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும் பிறர் செயலை அளக்கும் பொறுப்பு நம்மவர் பலரிடம் வந்து சேரும். அப்போது, எண்ணிட்டவுடன் தாளை மடித்து வைத்துவிடாது, அதன் பயன் நுகர்வோரைப் பின்னும் சென்று காண்போமாக.