வீட்டுச் சேத மதிப்பீடு தாமதமின்றி முடிய நீங்கள் செய்யக்கூடியவை

ஊர் திரும்பியதும் எல்லோரும் செய்யும் முதல் வேலை வளவைத் துப்புரவாக்குவதுதான். பற்றைகளை வெட்டி, இடிந்த சுவரை ஒதுக்கி, ஒரு கொட்டிலாவது போட்டால்தான் மாரி மழைக்கு முன் பிள்ளைகளைப் பாதுகாப்பாக வைத்திருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டின் சேதம் இன்னும் மதிப்பிடப்படவில்லை என்றால், இடிபாடுகளில் கைவைக்கும் முன் இதை வாசியுங்கள்.

வீட்டு உதவிக்கான முதற்படி சேத மதிப்பீடு. தொழில்நுட்ப உத்தியோகத்தர் உங்கள் காணிக்கு வந்து மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார். இங்கு வாழ்ந்த குடும்பம் எது? காணி அவர்களுடையதா? வீடு எந்த அளவுக்குச் சேதமடைந்துள்ளது? இவற்றில் ஒன்றுக்கு விடை கிடைக்காவிட்டாலும் படிவம் நிறைவுபெறாது; அவர் இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். ஒரு கிராமத்தில் பல வீடுகளைப் பார்க்க வேண்டிய நிலையில், அந்த இன்னொரு நாள் பல வாரங்கள் தள்ளிப்போகலாம். முதல் வருகையிலேயே மூன்றுக்கும் விடை கிடைக்கச் செய்வது பெரும்பாலும் உங்கள் கையில்தான் உள்ளது.

பத்திரங்கள்

தேசிய அடையாள அட்டை, குடும்ப அட்டை, மீள்குடியேறியதற்கான பதிவு, காணிப் பத்திரம் ஆகியவற்றை ஒரே உறையில் வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு போட்டோப் பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். மூலப் பத்திரத்தைக் காட்டுங்கள்; பிரதியை மட்டும் கொடுங்கள்.

காணிப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். தனியார் காணி உறுதியின் பதிவு, அந்தப் பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் இருக்கும். அங்கு விண்ணப்பித்து உறுதிப்படுத்திய பிரதியைப் பெறலாம். அரச காணிக்கான அனுமதிப்பத்திரம் என்றால் அதன் பதிவேடு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் இருக்கும். பதிவேடுகளும் அழிந்துபோயிருந்தால், கிராம அலுவலரின் உறுதிப்படுத்தலும் அயலவரின் சாட்சியமும் சமாதான நீதவான் முன்னிலையில் கொடுக்கும் சத்தியக்கடதாசியும் உதவலாம். எது ஏற்றுக்கொள்ளப்படும் என்பதைப் பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள்.

காணி கணவரின் பெயரில் இருந்து, அவர் காணாமற்போயிருந்தால், அதை மறைக்காமல் முதல் நாளிலேயே சொல்லுங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம்கொடுக்காத பெண்கள் பலர் உள்ளனர். 2016 இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போயுள்ளார் என்பதற்கான சான்றிதழைப் பெற இடமுண்டு.

காணியின் எல்லை

எல்லைக்கல், பழைய வேலி, கிணறு, பெரிய மரங்கள் ஆகியவற்றைக் காட்டக்கூடியவாறு நடைபாதை ஒன்றை வெட்டி வையுங்கள். எல்லை தெளிவில்லை என்றால் அயல் காணிக்காரருடன் முன்னரே பேசி முடிவுக்கு வாருங்கள். உத்தியோகத்தரின் முன்னால் எல்லைத் தகராறு எழுந்தால் இரு வீட்டு மதிப்பீடுகளும் நின்றுபோகக்கூடும்.

மண்டையோட்டுக் குறியிட்ட பலகை உள்ள இடத்துக்குள்ளும், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்படாத இடத்துக்குள்ளும் எக்காரணம் கொண்டும் செல்ல வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். எந்த மதிப்பீடும் ஓர் உயிரை விடப் பெரிதல்ல.

இடிபாடுகள்

எஞ்சியிருக்கும் அத்திவாரம், சுவர், தூண், கூரை ஆகியவைதான் உங்கள் வீட்டுக்குச் சாட்சி. அவற்றைப் பார்த்தே முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று தீர்மானிக்கிறார்கள். இந்த வேறுபாடு சிறியதல்ல. 2012 இல் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கட்டத்தில் புதிய வீட்டுக்கு 550,000 ரூபாவும் திருத்த வேலைக்கு 250,000 ரூபாவும் வழங்கப்பட்டன. தொகை திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் எந்த வகைக்குள் நீங்கள் வருகிறீர்கள் என்பது அன்று கண்ணால் காண்பதைப் பொறுத்தது.

எனவே மதிப்பீடு முடியும்வரை சுவரை இடிக்கவோ, கல்லையும் மரத்தையும் விற்கவோ வேண்டாம். கொட்டிலை வீட்டின் அத்திவாரத்தின் மேல் போடாமல் வளவின் இன்னொரு பக்கத்தில் போடுங்கள். விழும் நிலையிலுள்ள சுவரை உடனே அகற்ற வேண்டியிருந்தால், முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். கிராம அலுவலருக்கும் தெரிவியுங்கள். பழைய கலியாணப் படத்திலோ பிறந்தநாள் படத்திலோ வீடு பின்னணியில் தெரிந்தால் அதையும் எடுத்து வையுங்கள்.

சேதத்தைக் கூட்டிக் காட்ட நல்ல சுவரை உடைப்பதும், ஏற்கெனவே பெற்ற வீட்டு உதவியை மறைப்பதும் பயன் தராது. பட்டியல்கள் ஒப்பிடப்படும்போது அது வெளிவரும். பிறகு உங்கள் கோவை விசாரணைக்காக ஒதுக்கி வைக்கப்படும்.

மதிப்பீட்டு நாளன்று

வருகை நாளைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்து, விபரம் தெரிந்த ஒருவர் வளவில் இருங்கள். கூலி வேலைக்கோ வைத்தியசாலைக்கோ போக வேண்டியிருந்தால், உங்களுக்குப் பதிலாக நிற்கக்கூடியவர் யார் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். தொடர்பு இலக்கத்தைச் சரியாகக் கொடுங்கள். இலக்கம் மாறினால் உடனே அறிவியுங்கள்.

அறைகள், மலசலகூடம், கிணறு எல்லாவற்றையும் சுற்றிக் காட்டுங்கள். படிவத்தை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப உறுப்பினர் தொகை ஆகியவற்றில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் பணம் வங்கிக்கு வரும்போது சிக்கலாகலாம். விளங்காத படிவத்திலோ வெற்றுப் படிவத்திலோ கையொப்பமிட வேண்டாம். மதிப்பீட்டுக்குக் கட்டணம் இல்லை. விரைவாக முடித்துத் தருவதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காமல் பிரதேச செயலகத்தில் முறையிடுங்கள்.

வந்தவரின் பெயர், பதவி, திகதி, உங்கள் கோவை இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். முடிவு வராவிட்டாலோ தவறென்று பட்டாலோ, அந்தக் கொப்பியுடன் சென்று எழுத்தில் மேன்முறையீடு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தையும் வாங்குங்கள். வீடு கட்டும் காலத்திலும் அத்திவாரம், சுவர், கூரை எனக் கட்டம் கட்டமாகப் பார்வையிட்டே பணம் வழங்குவது வழக்கம். அந்தக் கொப்பி அப்போதும் உங்களுக்குக் கைகொடுக்கும்.